பூப்பனவும் பூவாதனவும்: தாவர இனவிருத்தியும் தமிழ்ச் சொற்களும்



மொழியியல் பயின்ற ஒருவனுக்குத் தாவரங்களைப் பற்றிப் பேச என்ன உரிமை என்னும் வினா உங்களுள் சிலருக்கு எழலாம். அவ்வினா நியாயமானதே. தாவரங்கள் எப்படிப் பெருகுகின்றன என்பதைக் கண்டறிவது தாவரவியலார் பணி. கண்டறிந்ததை ஒரு குழந்தையின் மனத்தில் கொண்டு சேர்ப்பது சொல்லின் பணி. சொல் பிழைத்தால் பொருளும் பிழைக்கும். இன்று நான் பேச வந்தது அந்த இரண்டாம் பணியைப் பற்றியே.

நம் நாட்டுத் தமிழ்ப்பள்ளிகளில் அறிவியல் பாடம் தமிழில் நடைபெறுகிறது. தாவரங்களின் இனவிருத்தி என்னும் பகுதியில் விதை, வெட்டுத்துண்டு, ஊற்றுக்கன்று, நிலத்தடித் தண்டு, சிதல்விதை முதலிய சொற்களை மாணவர் கற்கின்றனர். அதே கருத்துகளை யாழ்ப்பாணத்து மாணவர் வேறு சொற்களாலும், சென்னை மாணவர் மற்றும் வேறு சொற்களாலும் கற்கின்றனர். இச்சொற்களுள் எது பொருளைத் தெளிவாகக் காட்டுகிறது, எது மறைக்கிறது என்று ஆராய்வது அவசியம். அதற்குத் தாவரக் குலங்களை ஒவ்வொன்றாக அணுகுவோம்.

தொல்காப்பியர் கண்ட பகுப்பு

தமிழர் தாவரங்களை எவ்வாறு வகுத்தனர் என்பதற்கு நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய இலக்கணச் சான்று தொல்காப்பியத்தின் மரபியல். அங்கே நிலைத்திணை உயிர்கள் புல் என்றும் மரம் என்றும் இருவகைப்படுகின்றன. வெளிப்புறம் வயிரம் பாய்ந்தது புல். உட்புறம் வயிரம் பாய்ந்தது மரம். இவற்றையே புறக்காழ், அகக்காழ் என்கிறோம். ஆகவே பனையும் தெங்கும் கமுகும் மூங்கிலும் எவ்வளவு உயர்ந்து வளர்ந்தாலும் இலக்கணப்படி புல்லே. தேக்கும் வேங்கையும் மரம்.

இப்பகுப்பைக் காணும் நம்மவர் சிலர், ஒருவித்திலைத் தாவரம், இருவித்திலைத் தாவரம் என்னும் இக்காலப் பகுப்பைத் தொல்காப்பியர் அன்றே கண்டுபிடித்துவிட்டார் என்று மேடைகளில் முழங்குவர். நிதானமாகப் பார்த்தால் உண்மை இதுதான். தொல்காப்பியர் தண்டின் வயிரத்தை நோக்கினார். விதைக்குள் எத்தனை இலை உள்ளது என்று நோக்கவில்லை. ஆயினும் தண்டின் அமைப்பும் வித்திலை எண்ணிக்கையும் இயற்கையில் பெரும்பாலும் இணைந்தே வருகின்றன. ஒருவித்திலைத் தண்டில் நாரும் குழாய்களும் சிதறிக் கிடக்கும். பனை, தெங்கு போன்றவற்றில் அவை வெளிப்புறம் நெருங்கி இறுகும். இருவித்திலை மரத்தில் குழாய்கள் வளையமாக அமைந்து, ஆண்டுதோறும் உள்ளே கட்டை சேர்ந்து, நடுவில் வயிரம் பாயும். கூர்ந்த கண் ஒன்று வெளித்தோற்றத்தால் வகுத்தது. அவ்வகுப்பு உள்ளமைப்போடு பெரிதும் பொருந்திற்று. இவ்வளவே நாம் உரிமை கொண்டாடத்தக்கது. இதுவே பெருமைக்குப் போதுமானது.

மரபியலில் இன்னொரு செய்தியும் உண்டு. பிள்ளை, குழவி, கன்று, போத்து ஆகிய இளமைப் பெயர்களை ஓரறிவுயிராகிய தாவரத்திற்கும் வழங்கலாம் என்று கூறும் இலக்கணம், நெல்லுக்கும் புல்லுக்கும் அவை ஏலா என்று விலக்கும் செய்கிறது. இன்றும் நாம் தென்னம்பிள்ளை என்கிறோம். மாங்கன்று, வாழைக்கன்று என்கிறோம். பனையின் இளமையை வடலி என்கிறோம். நெல்லுக்கு மட்டும் நாற்று என்கிறோம். நெற்கன்று என்று எந்த உழவரும் சொல்வதில்லை. இரண்டாயிரம் ஆண்டு மரபு வாய்மொழியில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

பாசி என்னும் ஒரு சொல்

இனித் தாவரக் குலங்களுக்கு வருவோம். சுவீடன் நாட்டு லின்னேயசு 1735இல் தாவரங்களை 24 வகுப்புகளாகப் பிரித்தார். பூவின் ஆண் உறுப்புகளின் எண்ணிக்கையும் அமைப்பும் அவருக்கு அளவுகோலாயின. பூவே தோன்றாத பாசி, பன்னம், காளான் போன்றவற்றை என்ன செய்வது? அவை அனைத்தையும் 24ஆம் வகுப்பில் சேர்த்துக் கிரிப்டோகாமியா என்று பெயரிட்டார். கிரேக்கத்தில் அதன் பொருள் மறைவான மணம் என்பது. நாம் அவற்றைப் பூவாத் தாவரங்கள் என்கிறோம். தமிழ்ச் சொல் இல்லாததைச் சொல்கிறது. கிரேக்கச் சொல் மறைந்திருப்பதைச் சொல்கிறது. களவு என்னும் மறைவான கூட்டத்திற்கு அகத்திணையில் தனி இயலே வகுத்தவர் நாம். லின்னேயசின் உவமை நமக்கு அந்நியமன்று. பூவாமை என்பது இனவிருத்தி இன்மை அன்று. இதை மாணவருக்கு முதலில் தெளிவுபடுத்த வேண்டும்.

பாசி என்னும் சொல் பசுமையின் அடியாகப் பிறந்தது. குளத்தில் படர்வதும் பாசி. ஈரச் சுவரில் படிவதும் பாசி. கடலில் விளைந்து நம் வீட்டில் இனிப்புப் பண்டமாவதும் கடற்பாசி. கறிமசாலையில் இடும் கருகிய இதழ் போன்ற பொருளும் கல்பாசி. தாவரவியலார் கண்ணில் இவை வெவ்வேறு. குளத்துப் பாசியும் கடற்பாசியும் வேர், தண்டு, இலை என்ற வேறுபாடு அற்ற நீர்வாழ் உயிர்கள். சுவரிலும் மரப்பட்டையிலும் மெத்தென்று படர்வது பெரும்பாலும் நிலம் ஏறிய மாசுத் தாவரம். கல்பாசியோ தாவரமே அன்று. பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் கூட்டுயிர். மக்கள் வழக்குத் தோற்றத்தால் பெயரிட்டது. அறிவியல் உறவால் பெயரிடுகிறது. இரண்டும் தத்தம் இடத்தில் சரியே. வகுப்பறையில் மட்டும் எந்தப் பாசி என்று கேட்டுத் தெளிய வேண்டும்.

நிலத்தில் முதன்முதல் காலூன்றிய தாவரங்களின் வழிவந்தவை மாசுகளும் அவற்றின் உறவினங்களும். உலகில் ஏறத்தாழ 20,000 இனங்கள் உள்ளன. கேமரன் மலையில் பிரிஞ்சாங் உச்சியை ஒட்டிய பாசிக்காட்டிற்குச் சென்றவர்கள், மரக்கிளை தெரியாதபடி அவை போர்த்தியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். இவற்றின் ஆண் அணுக்களுக்கு நீந்தும் இழைகள் உண்டு. மழைநீரோ பனிநீரோ மெல்லிய படலமாய்ப் படிந்திருக்கும்போது அவை நீந்திச் சென்று முட்டையை அடைகின்றன. நீர் இல்லையேல் கூடல் இல்லை. மூடுபனி மலையில் மாசு செழிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கூடலின் பயனாகத் தாய்ச்செடியின் தலையிலேயே ஒரு மெல்லிய காம்பும் அதன் நுனியில் ஒரு சிமிழும் முளைக்கும். அச்சிமிழ் முதிர்ந்து திறந்தால் தூள் போன்ற நுண்துகள்கள் காற்றில் பரவும். அத்துகளைப் பற்றியே நம் சொற்சிக்கல் தொடங்குகிறது. அதைப் பன்னத்தோடு சேர்த்துப் பேசுவோம்.

பாட்டனைப் போன்ற பேரன்

ஃபெர்ன் எனப்படும் தாவரத்தைத் தமிழகத்தார் பெரணி என்பர். இலங்கையார் பன்னம் என்பர். மலாய் மொழியில் அதன் பெயர் பாக்கு. சந்தையில் பூச்சோக் பாக்கு என்று கட்டுக்கட்டாக விற்கும் கீரை, ஒரு பன்னத்தின் சுருண்ட இளந்தளிரே. புதிதாக வந்த தமிழர் அச்சொல்லைக் கேட்டால் கமுகின் பாக்கையே எண்ணுவர். நம் சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்களின் கிளைகளில் பெரிய கூடைபோல் அமர்ந்திருக்கும் பறவைக்கூட்டுப் பன்னத்தை அனைவரும் அறிவோம். அதன் நீண்ட இலையைப் புரட்டிப் பார்த்தால் பழுப்புக் கோடுகள் வரிசையாகத் தென்படும். வேறு பன்னங்களில் அவை புள்ளிகளாக இருக்கும். பூச்சி அரித்தது என்றோ நோய் என்றோ பலர் அவற்றைத் தவறாகக் கருதுவர். உண்மையில் அவை துகள் விளையும் பைகளின் திரள்கள்.

அத்துகள் ஈரமண்ணில் விழுந்தால் பன்னம் முளைப்பதில்லை என்பதே வியப்பு. முளைப்பது ஒரு சிறுவிரல் நகம் அளவுகூட இல்லாத, இதய வடிவான, பச்சைத் தகடு. அத்தகட்டின் அடியில் ஆண் அணுவும் முட்டையும் தோன்றுகின்றன. அங்கும் நீர்ப்படலத்தில் நீந்தியே கூடல் நிகழ்கிறது. அக்கூடலின் பின்னரே நாம் அறிந்த பன்னம் வளர்கிறது. பன்னம் துகளைப் பெறுகிறது. துகள் தகட்டைப் பெறுகிறது. தகடு மீண்டும் பன்னத்தைப் பெறுகிறது. செருமனியின் ஒஃப்மைசுட்டர் 1851இல் வெளியிட்ட நூலில், மாசு முதல் ஊசியிலை மரம் வரை இந்த இருதலைமுறைச் சுழற்சி ஊடுருவி நிற்பதைக் காட்டினார். தாவரவியலின் பெருங்கண்டுபிடிப்புகளுள் அது ஒன்று.

இக்கருத்தை மாணவருக்கு விளக்குவது கடினம் என்று ஆசிரியர்கள் சொல்வதுண்டு. தமிழ் ஆசிரியருக்கு அது கடினமன்று. பேரன் என்ற சொல்லின் பழைய வடிவம் பெயரன். பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பது பொருள். தந்தை பெயர் ஒன்று, மகன் பெயர் வேறு, பேரனுக்கு மீண்டும் பாட்டன் பெயர் என்று ஒன்றுவிட்ட தலைமுறையில் பெயர் திரும்பி வருவது நம் குடும்ப வழக்கம். பன்னத்திலும் அப்படியே; பிள்ளை பெற்றோரைப் போல் இராது, பாட்டனைப் போல் இருக்கும். தலைமுறை மாற்றம் என்ற வறட்டுத் தொடருக்குப் பின்னால் நம் வீட்டுச் சொல் ஒன்று விளக்கேந்தி நிற்கிறது. உவமை எல்லை மீறாதிருக்க ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பன்னத்தின் உயிரணுவில் குரோமோசோம் தொகுதி இரண்டு. தகட்டின் உயிரணுவில் ஒன்றே. இரு தலைமுறைக்கும் உள்ள வேறுபாடு பெயரளவில் நில்லாது உடலளவிலும் இருக்கிறது.

இனி அந்தத் துகளின் பெயர். ஸ்போர் என்பதைத் தமிழகப் பாடநூல்கள் பெரிதும் ஒலிபெயர்த்தே எழுதுகின்றன. இலங்கையார் வித்தி என்று ஆக்கினர். நாம் சிதல்விதை என்கிறோம். மூன்றையும் எடைபோட்டுப் பார்ப்போம்.

விதை என்பது பல உயிரணுக்களால் ஆன கட்டமைப்பு. அதனுள் கரு உண்டு, பெரும்பாலும் சேமித்த உணவு உண்டு, வெளியே உறை உண்டு. தாய் கட்டிக்கொடுத்த சோற்றுமூட்டையோடு புறப்படும் பிள்ளை அது. ஸ்போரோ தனியொரு உயிரணு. அதனுள் கரு இல்லை. கூடலின்றியே பிரிந்து வந்தது அது. அதைச் சிதல்விதை என்றால், விதையின் ஒரு வகை என்றே பிள்ளை எண்ணும். நெல்விதை, மிளகாய்விதை, சிதல்விதை என்று ஒரே வரிசையில் வைத்துக்கொள்ளும். பின்னர் இடைநிலைப்பள்ளியில் மலாய் வழியே ஸ்போராவும் பிஜியும் வேறு வேறு என்று கற்கும்போது, தமிழில் கற்றது தடையாய் நிற்கும். அங்கே தமிழ் தோற்றதாகப் பிள்ளை நினைத்துக்கொள்ளும். தோற்றது தமிழன்று, பின்னால் ஒட்டிய விதை என்னும் சொல்லே.

வித்தி என்பது பொருளளவில் நல்ல ஆக்கம். ஆனால் வித்து, வித்தி என்று ஈற்றுயிர் ஒன்றே வேறுபடுத்துகிறது. தமிழ்ப்பேச்சில் ஈற்றுயிர் மங்கி ஒலிப்பது இயல்பு. நாற்பது பிள்ளைகள் அமர்ந்த வகுப்பில் கடைசி வரிசைக்கு அந்த இகரம் எட்டுமா என்பது ஐயம். சிதல் என்று மட்டும் நிறுத்தினால் என்ன என்பது என் கருத்து. பழந்தமிழில் சிதல் என்பது கறையானைக் குறித்தது. இன்று அப்பொருளில் எவரும் ஆள்வதில்லை. ஆகவே மயக்கம் நேராது. சிதறு என்னும் வினையோடு ஒலியுறவும் இருப்பதால், காற்றில் சிதறும் துகளுக்குப் பொருந்துகிறது. புதுச்சொல் எதுவும் படைக்க வேண்டியதில்லை. இருக்கும் சொல்லில் பாதியை வெட்டினால் போதும்.

மூடாத விதை

மாசும் பன்னமும் நீரின்றிக் கூடா. அந்தத் தளையை அறுத்தவை விதைத்தாவரங்கள். ஆண் அணுவைப் பூந்தாது என்னும் உறைக்குள் பொதிந்து காற்றில் அனுப்பும் வழியை அவை கண்டன. முட்டையைத் தாயுடலிலேயே சூல் என்னும் அறையில் காத்தன. கூடலுக்குப்பின் அச்சூலே விதையாகிறது.

இவற்றுள் ஏறத்தாழ 1,000 இனங்களில் விதைக்குச் சுற்றுச்சுவர் இல்லை. பைன் கூம்பின் செதில்மேல் விதை திறந்தே அமர்ந்திருக்கும். சிம்னோஸ்பெர்ம் என்னும் கிரேக்கத் தொடர் ஆடையற்ற விதை என்று பொருள்படும். இலங்கைச் சொல்லாகிய வித்துமூடியிலி அதையே நேராகச் சொல்கிறது. பைன் பூந்தாதுக்கு இருபுறமும் காற்றுப்பை உண்டு. அதனால் அது காற்றில் நெடுந்தொலைவு மிதக்கும். சைக்கசு, கிங்கோ ஆகியவற்றிலோ, பூந்தாது வந்து சேர்ந்தபின்பும் ஆண் அணு சிறிது தூரம் நீந்தியே முட்டையை அடைகிறது. 1896இல் சப்பானிய ஆய்வாளர் இருவர், ஃகிராசே கிங்கோவிலும் இக்கேனோ சைக்கசிலும் இதைக் கண்டனர். நீரை விட்டு வந்த குலம் நீரின் நினைவை உடலில் சுமந்துவந்த சான்று அது.

நம் நாட்டில் இக்குலத்திற்கு எளிய எடுத்துக்காட்டு பெலிஞ்சாவ் மரம். அதன் பருப்பைத் தட்டிப் பொரித்த எம்பிங் என்னும் நொறுக்குத்தீனியைப் பலரும் உண்டிருப்பீர்கள். சிவந்து பழுத்த அதன் காயைப் பார்ப்பவர் பழம் என்றே சொல்வர். ஆனால் அது பழமன்று. அச்செந்தோல் விதையைச் சூழ்ந்த உறையே. சூலகம் என்ற அறை இருந்தாலன்றிப் பழம் உருவாகாது. பழம் என்ற சொல்லை அன்றாட வழக்கில் தாராளமாக ஆளலாம். பாடத்தில் ஆளும்போது சூலகத்திலிருந்து வந்ததா என்று கேட்டே ஆள வேண்டும்.

பூவும் வினையும்

எஞ்சியவை பூக்கும் தாவரங்கள். இவற்றின் இனங்கள் ஏறத்தாழ 3,00,000. நிலத்தாவர இனங்களுள் பத்தில் ஒன்பது பங்கு இவையே. சூலைச் சூலகம் மூடியிருக்கும். சூல்முடியில் விழுந்த பூந்தாது குழாய் ஒன்றை நீட்டும்; அக்குழாய் சூல்தண்டின் வழியே இறங்கிச் சூலை அடையும்; நீந்த வேண்டிய தேவை முற்றும் ஒழிந்தது. குழாய் வழியே வரும் ஆண் அணுக்கள் இரண்டு. ஒன்று முட்டையோடு கூடிக் கருவாகிறது. மற்றொன்று நடுவணுவோடு கூடிக் கருவுக்கான உணவாகிறது. இந்த இரட்டைக் கருவுறுதலை 1898இல் உருசியரான நவாஷின் கண்டறிந்தார். நாம் உண்ணும் அரிசியும் கோதுமையும் பெரும்பகுதி இவ்வுணவே.

தெங்கில் இதை எளிதில் காணலாம். இளநீர் என்பது அந்த உணவுத்திசு நீராக நிற்கும் நிலை. தேங்காய்ப் பருப்பு அதுவே திரண்ட நிலை. முளைவிட்ட தேங்காயை உடைத்தால் உள்ளே பஞ்சுபோல் இனிக்கும் உருண்டையைப் பூ என்கிறோம். தாவரவியல்படி அது பூவன்று. முளைக்கும் கருவின் வித்திலை, பருப்பை உறிஞ்சி வளர்க்கப் பருத்து நிற்கும் பகுதியே அது. வழக்குச் சொல்லைத் திருத்த வேண்டியதில்லை. அப்பூவைக் கையில் கொடுத்து வித்திலை என்றால் என்ன என்று விளக்கும் ஆசிரியரின் பாடத்தைப் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

பூக்கும் தாவரத்திற்குத் தமிழ் தரும் சொல்வளம் பெரிது. அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று பூவின் பருவங்களுக்குப் பெயருண்டு. மாவின் பிஞ்சு வடு. வாழையின் பிஞ்சு கச்சல். பலாவின் பிஞ்சு மூசு. தெங்கின் பிஞ்சு குரும்பை. இப்பட்டியலை நாம் அடிக்கடி மேடையில் ஒப்பிப்போம். நான் கவனிக்கச் சொல்வது வேறொன்று. அரும்பு, மலர், அலர், பூ, காய், கனி, முளை, தளிர் ஆகியவை பெயராகவும் வரும், வினையடியாகவும் வரும். பூ என்பது பொருள். பூத்தது என்பது நிகழ்ச்சி. காய் என்பது பொருள். காய்த்தது என்பது நிகழ்ச்சி. தாவரத்தின் வாழ்வைத் தனித்தனி உறுப்புகளின் வரிசையாக இல்லாமல் இடையறாத செயலாகத் தமிழ் காண்கிறது. அறிவியலும் இன்று அப்படியே காண்கிறது. உதிர்ந்த வீயோடு கதை முடிவதில்லை. சூலகம் பருத்துக் காயாவது அப்போதே தொடங்குகிறது.

சில சொற்களில் பொருள் நழுவியிருக்கிறது. மகரந்தம் என்பது வடமொழியில் முதன்மையாகப் பூந்தேனைக் குறிக்கும். தமிழில் அது பூந்தூளாயிற்று. தாது என்னும் பழஞ்சொல் இன்று கனிமத்திற்கும் வழங்குகிறது. ஆகவே தாது என்று தனித்துச் சொல்லாமல் பூந்தாது என்று அடையோடு சொல்வது தெளிவு. மகரந்தச் சேர்க்கை நன்கு வேரூன்றிவிட்ட தொடர். அதைப் பிடுங்க முயல்வது வீண்வேலை.

கூட்டி வைப்போர்

பூவுக்கு ஆண் பெண் உண்டு என்பதை மேனாட்டில் சோதனையால் நிறுவியவர் செருமனியின் காமெராரியசு, ஆண்டு 1694. பனையில் ஆணும் பெண்ணும் தனித்தனி மரம் என்பதைத் தமிழர் அதற்கு நெடுங்காலம் முன்பே அறிந்திருந்தனர். திருவோத்தூரில் ஆண்பனைகளைத் திருஞானசம்பந்தர் பெண்பனைகளாக்கினார் என்னும் வரலாறு வழங்குவதற்கே, ஆண்பனை காய்க்காது என்ற பொதுவறிவு அடிப்படையாய் இருந்தது. அறிந்தது ஒன்று, ஏன் என்று சோதித்தது ஒன்று. இரண்டையும் மதிப்போம்.

அத்தி பூத்தாற்போல் என்று அரிய நிகழ்ச்சியைச் சொல்வோம். அத்தி உண்மையில் அடிக்கடி பூக்கிறது. அதன் காய் என்று நாம் எண்ணுவதன் உட்சுவரில் நூற்றுக்கணக்கான சிறுபூக்கள் மறைந்திருக்கின்றன. நுண்ணிய குளவி ஒன்று துளை வழியே உட்புகுந்து பூந்தாதைச் சேர்க்கிறது. பழமொழி கண்ணுக்குப் பட்டதைச் சொன்னது. டுரியானோ இரவில் மலர்ந்து வௌவாலை அழைக்கிறது. பூந்தேன் உண்ணும் குகை வௌவால் அதன் முதன்மைத் துணை. பத்துமலைக் குகைகளில் அவ்வினம் வாழ்வதை 1970களின் ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. தைப்பூசத்திற்கு நாம் ஏறும் மலைக்கும் நாம் உண்ணும் டுரியானுக்கும் இப்படியோர் உறவு உண்டு.

செம்பனையின் கதை நம் மக்களின் கதையும் ஆகும். மேற்காப்பிரிக்காவிலிருந்து வந்த அம்மரம் 1917இல் சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் முதன்முதல் வணிக அளவில் நடப்பட்டது. தென்னையின் பெயர் தாங்கிய தோட்டத்தில் செம்பனை வேரூன்றியது. ஒரே செம்பனையில் ஆண்பாளையும் பெண்பாளையும் வெவ்வேறு காலத்தில் வெளிவரும். ஆகவே பூந்தாது பிற மரத்திலிருந்து வந்தாக வேண்டும். ஆப்பிரிக்காவில் அவ்வேலையைச் செய்த வண்டு இங்கு இல்லை. எனவே பல தோட்டங்களில் தொழிலாளர், பெரும்பாலும் பெண்கள், பூந்தாதைத் தூளோடு கலந்து பெண்பாளைகளில் கையால் தூவினர். 1981இல் கேமரூன் நாட்டிலிருந்து அவ்வண்டு கொணர்ந்து விடப்பட்டது. சில ஆண்டுகளில் அக்கைவேலை தேவையற்றுப் போயிற்று. மகரந்தச் சேர்க்கை என்ற தொடரைப் பாடநூலில் காணாத நம் தாய்மார், அச்செயலைக் கையால் செய்து நாட்டின் பொருளாதாரத்தைத் தாங்கினர். அவர்கள் அவ்வேலையை என்ன பெயரால் அழைத்தனர் என்று கேட்டெழுதும் கடமை நமக்கு உண்டு.

விதையின்றிப் பெருகுதல்

கூடலின்றியும் தாவரம் பெருகும். வாழையடி வாழை என்று வாழ்த்துகிறோம். நாம் உண்ணும் வாழையில் விதை இல்லை. ஊற்றுக்கன்றே அதன் வழித்தோன்றல். காட்டுவாழையில் கடினமான கறுத்த விதைகள் நிறைந்திருப்பதை நம் காடுகளில் இன்றும் காணலாம். ஊற்றுக்கன்று தாயின் அச்சு அசல். நோயொன்று தாயைக் கொல்லுமானால் அத்தனை கன்றையும் கொல்லும். 20ஆம் நூற்றாண்டின் நடுவில் உலகச் சந்தையை ஆண்ட குரோ மிஷெல் வாழையைப் பனாமா வாடல்நோய் சந்தையிலிருந்தே அகற்றியது இப்படித்தான்.

பால்மரம் இருவழியும் அறிந்தது. அதன் காய் மூன்று விதையோடு வெயிலில் படீரென வெடித்து விதையை எறியும். தோட்டத்துப் பிள்ளைகள் அவ்விதைகளை வைத்து விளையாடி வளர்ந்தனர். 1876இல் விக்கம் பிரேசிலிலிருந்து 70,000 விதைகளைக் கொண்டுசென்றார். விரைவில் முளைப்புத்திறன் இழக்கும் அவற்றுள் சில ஆயிரமே முளைத்தன. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவ்வழியே கோலகங்சாரிலும் சில நடப்பட்டன. பின்னாளில் நல்ல மரத்தின் மொட்டை வேறு கன்றில் ஒட்டும் முறை பரவியது. ஒட்டு என்பது இலக்கணத்திலும் உண்டு. முன்னொட்டு, பின்னொட்டு என்போம். புணர்ச்சியும் அப்படியே. உயிரியலில் அது கூடல். நமக்கோ எழுத்தும் சொல்லும் சேரும் நெறி. தோட்டத்தாரும் இலக்கணத்தாரும் ஒரே சொற்களஞ்சியத்திலிருந்தே எடுத்திருக்கின்றனர்.

பேராக்கின் மாத்தாங் காட்டில் கண்டல் மரங்கள் 1902 முதல் முறையாகப் பராமரிக்கப்படுகின்றன. அவற்றின் விதை மரத்திலிருக்கும்போதே முளைத்து, நீண்ட காய்போல் தொங்கி, பின் சேற்றில் விழுந்து வேரூன்றும். அதைப் பிள்ளை என்று அழைக்க இலக்கணமும் இடந்தரும், இயற்கையும் இடந்தரும்.

நம் கையில் உள்ளது

நம் பிள்ளைகள் அறிவியலைத் தமிழில் கற்பது பெரும்பாலும் ஆறாம் ஆண்டோடு முடிகிறது. அந்த ஆறாண்டில் பெறும் சொற்களே அவர்கள் வாழ்நாள் முழுதும் சுமக்கும் தமிழ் அறிவியல். ஆகவே மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன்.

முதலாவது, பொய்க்கருத்தை ஊட்டும் கூட்டுச்சொற்களைத் திருத்துவோம். சிதல்விதையைச் சிதல் ஆக்குவது அதற்கு ஒரு தொடக்கம். இரண்டாவது, வேரூன்றிய சொல்லைத் தூய்மை கருதிப் பிடுங்க வேண்டா. பிற நாட்டுத் தமிழ்ச் சொல்லை மட்டும் அருகே அறிமுகப்படுத்துவோம். பெரணி என்ற பிள்ளைக்குப் பன்னமும் தெரியட்டும். மூன்றாவது, தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிவருகின்றன. அங்கு வாழ்ந்தோர் நகரங்களில் சிதறிவிட்டனர். நாற்று வளர்த்தவர், ஒட்டுக்கட்டியவர், பாளையில் தூள் தூவியவர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்கள் வாய்ச்சொற்களை மாணவரைக் கொண்டே கேட்டுத் திரட்டுவோம். அகராதியில் ஏறாமல் போன சொல்லுக்கு ஊற்றுக்கன்று முளைப்பதில்லை.

பாடநூல் குழுவிலும் வகுப்பறையிலும் முடிவெடுக்கும் இடத்தில் உங்களுள் பலர் இருக்கிறீர்கள். அடுத்த முறை இப்பாடத்தை நடத்தும்போது, சாலையோர மரத்திலிருந்து ஒரு பன்ன இலையைக் கொண்டுவந்து புரட்டிக் காட்டுங்கள். அந்தப் பழுப்புக் கோட்டைப் பார்த்து இது விதையா என்று ஒரு பிள்ளை கேட்கும். இல்லை என்று சொல்லி ஏன் என்று விளக்க உங்களிடம் தமிழ் உண்டு.